தொட்டி அந்தப் பக்கம், குழாய் இந்தப் பக்கம்

பழையாற்றில் பெருவெள்ளம் வந்து ஒரு வைக்கோல் போர் கலையாமல் அப்படியே மிதந்து போனதே, அதன் உச்சியில் ஒரு வெள்ளைக் கோழி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே, அந்த வருஷம். என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரே கரையில் நின்று பார்த்தது. கோழி யாருடையது என்று இரண்டு பேர் அங்கேயே நின்று சண்டை போட்டார்கள். கோழி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே தெற்கே போய்விட்டது.

வருஷத்தை எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதெல்லாம் மழைக்கு ஒதுங்கத்தான். அந்தக் கோழியை வைத்துத்தான் எனக்குக் கணக்கு. கோழி போனது ஐப்பசியில். கார்த்திகையில் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தார்கள். மார்கழியில் குளிக்கிற அறையில், எங்கள் பேச்சில் குளிமுறியில், குழாய் ஒழுகத் தொடங்கியது. மாசி வரைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு.

வீடு பூதப்பாண்டிக்குக் கொஞ்சம் வடக்கே. பின்கட்டில் நின்றால் தாடகை மலை முழுசாகத் தெரியும். குழாய் என்று இப்போது எளிதாகச் சொல்கிறோம். அன்றைக்கு எங்கள் ஊரில் குழாய் என்பதே எங்கள் வீட்டில் இருந்த ஒன்றுதான். அப்பாவின் அப்பா, என் தாத்தா, மலைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவர். அவன் பழைய பங்களாவை இடித்துப் புதிதாகக் கட்டியபோது இவருக்கு ஒரு பித்தளைக் குழாயும், ஒரு துண்டு இரும்புக் குழலும், ஒரு சோடி பூட்ஸும் கிடைத்தன. அவ்வளவையும் மாட்டு வண்டியில் கொண்டு வந்து இறக்கினார்.

கிணற்றை ஒட்டி, குளிமுறியின் சுவரோடு சேர்த்து, ஆள் இறங்கிக் கழுவுகிற அளவுக்குக் காரைத் தொட்டி ஒன்று கட்டினார். தொட்டியின் அடியிலிருந்து இரும்புக் குழல் சுவரைத் துளைத்துக்கொண்டு நேராக இந்தப் பக்கம் வரும். அதன் வாயில் பித்தளைக் குழாய். காலையில் துலாக்காரன் கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியை நிறைப்பான். தாத்தா குளிமுறியில் பலகை போட்டு உட்கார்ந்து குழாயைத் திருகுவார். தலையில் தண்ணீர் தானாக விழும். அதைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஒருத்தர் குனிந்து சுவரின் அடியைத் தடவிப் பார்த்தாராம், ஊற்று எங்கே இருக்கிறது என்று.

அந்தக் குளிமுறியின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நனைந்த காரை, தலைக்குத் தேய்க்கிற செம்பருத்தித் தாளி, வெந்நீர் அடுப்பின் புகை, எல்லாம் கலந்த ஒரு மணம். சன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு வேண்டும். விளக்கைக் கொண்டு போனால் குழாய் மட்டும் மினுங்கும். அம்மை அதைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பாள். திருகுகிற கைப்பிடி நாலு இதழ்ப் பூ மாதிரி இருக்கும். அப்படி ஒரு பூவை நான் எந்தச் செடியிலும் பார்த்ததில்லை.

தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. சொத்து சகோதரி மக்களுக்குப் போகிற மருமக்கள் வழி மாறி, பிள்ளைகளுக்கே பாகம் என்று புதுச் சட்டம் வந்த சமயம். வீட்டுக்கு வீடு பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் மத்தியஸ்தர்கள் வந்தார்கள். உருளி, அண்டா, கிண்டி, தென்னை, வைக்கோல் எல்லாவற்றையும் பிரித்தார்கள். தாத்தாவின் பூட்ஸ் எனக்குத்தான் வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் பிடிவாதம் பிடித்தார்கள். இரண்டு பேருக்கும் அது காலில் ஏறாது. மத்தியஸ்தர்களில் மூத்தவர் ரொம்ப நேரம் வெற்றிலை மென்று யோசித்துவிட்டு, மூத்தவனுக்கு வலது, இளையவனுக்கு இடது என்று தீர்ப்புச் சொன்னார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நியாயமான தீர்ப்பு என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது.

வீட்டில் கிழக்குப் பாதி பெரியப்பாவுக்கு. கிணறும் தொட்டியும் அதில் போயின. மேற்குப் பாதி எங்களுக்கு. குளிமுறி அதில் வந்தது. நடுவில் இருந்த குளிமுறிச் சுவர்தான் எல்லை. அந்தச் சுவருக்குள்ளே ஒரு குழல் போகிறது என்பது ஒரு மத்தியஸ்தருக்கும் நினைவு வரவில்லை. சாப்பாடு முடிந்து ஏப்பம் விட்டபடி அவர்கள் எழுந்திருக்கும்போது அம்மைதான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"எங்களுக்குக் கிணறு இல்லியே. தண்ணிக்கு என்ன வழி?"

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அங்க குழாய் இருக்குல்லா. தினம் காலம்பற ஒரு தடவை தொட்டியை நிறைக்கட்டும். ரெண்டு வீட்டுக்கும் அதுதான். போரும்."

இதோடு முடிந்திருந்தால் நல்லது. வாசலில் நின்ற வரிக்கைப் பலாவை அளக்கும்போது அது எல்லையின் மேலேயே நின்றது. நீ, நான் என்று வாய் முற்றியது. பெரியப்பா உள்ளே போய்க் கற்பூரத் தட்டை எடுத்து வந்தார். கொளுத்தினார். இனி அவன் வாசலை மிதிக்க மாட்டேன், என் வீட்டில் யாரும் அவன் வீட்டாரிடம் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தார். அப்பாவும் தட்டை வாங்கி அப்படியே செய்தார். கற்பூரம் அணைத்துச் சொன்ன வார்த்தையை மீறினால் குடும்பம் விளங்காது என்பது அன்றைய நம்பிக்கை. அம்மையையும் பெரியம்மையையும் அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரியான உடம்பு. அவள் சிரித்தால் கால்வாய்க் கரை வரைக்கும் கேட்கும். பிள்ளை கிடையாது. அம்மை கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது பாவாடைப் பருவம் அப்போதுதான் தாண்டியிருந்தாள். அவளுக்குப் பேன் பார்த்து, தலை பின்னி, அடுப்பு ஊதப் பழக்கினது எல்லாம் பெரியம்மைதான். என்னையும் பாதி வளர்த்தது அவள்தான். எனக்குப் பல் விழுந்தால் கூரையில் எறிய அவளிடம்தான் கொண்டு போவேன். பாகம் பிரித்த மறுநாள் காலையில் அம்மை ஆட்டுரலின் முன்னால் தனியாக உட்கார்ந்து குழவியைச் சுற்றினாள். எதிரில் மாவு தள்ள ஆள் இல்லை. அவளே சுற்றி அவளே தள்ளினாள். அப்போது அவளுக்கு வயிறும் மேடிட்டிருந்தது.

மார்கழியில் சொட்டத் தொடங்கியது. முதலில் சின்னதாக ஒரு சொட்டு. அம்மை அடியில் வெண்கல உருளியை வைத்தாள். டொப்பு, டொப்பு என்று விழும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. பிறகு அது நூல் மாதிரி ஆனது. காலையில் உருளி நிறைந்து வழிந்திருக்கும்.

தொட்டி அந்தப் பக்கம் அல்லவா. பெரியப்பா ராத்திரி தண்ணீர் நிற்கிற மட்டத்தில் காவிக்கல்லால் தொட்டிக்குள் ஒரு கோடு போட்டு வைத்தார். விடிந்ததும் ஈரத் துண்டோடு வந்து எட்டிப் பார்ப்பார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே கிடக்கும். அவர் எங்களிடம் பேசக் கூடாது. ஆகையால் கிணற்றிடம் பேசுவார்.

"ஏ கெணறே, பாத்துக்கோ. ராத்திரி முழுக்கக் குழாயைத் தெறந்து விட்டுத் தண்ணி களவாங்குகா. பாகம் வாங்கினது காணாது போல."

இந்தப் பக்கம் அப்பாவுக்குப் பொறுக்காது. எங்கள் பசுவிடம் பேசுவார். "ஏ பசுவே, நீ சொல்லு. களவாங்குகவன் டொப்பு டொப்புன்னா களவாங்குவான்? அறிவு கெட்ட பயலுவ."

பசு என்ன சொல்லும். அது வைக்கோலைத் தின்றுகொண்டிருக்கும்.

ஒருநாள் பெரியப்பா கிணற்றிடம் சத்தமாகவே சொல்லிவிட்டார். "தையில தேரு கழியட்டும். கொத்தனை விட்டு அந்த ஓட்டையைச் சுண்ணாம்பு வச்சு அடைச்சிருவேன். பெறகு கால்வாயில போயிச் சொமக்கட்டும்."

அம்மை அப்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது. கால்வாய் என்றால் மேட்டை இறங்கி ஏற வேண்டும், தலையில் குடத்தோடு. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குளிமுறிக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். விளக்கில்லாமல் இருட்டில் நின்று குழாய் சுவரில் நுழைகிற இடத்தை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பெரியம்மை குடத்தை முக்கினால் குழலில் ஒரு அதிர்வு வரும். குளிக்கும்போது நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

"இதையும் அடச்சிட்டா..." என்றாள்.

அப்பாவுக்குக் குழாயைச் சரிசெய்ய ஒரே வழிதான் தெரியும். கைப்பிடியை இன்னும் இறுக்குவார். காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இறுக்குவார். அன்றைக்குக் கொஞ்சம் நிற்கும். மறுநாள் முன்னைவிட அதிகமாக ஒழுகும். பிறகு மெழுகு வைத்துப் பார்த்தார். தேங்காய் நார் சுற்றிப் பார்த்தார். குழாய் தாடி வைத்த கிழவன் மாதிரி ஆகிவிட்டது.

அம்மை சொன்னாள். "அப்படி இறுக்கப்பிடாது. உள்ள இருக்க தோலு நசுங்கிப் போவும். மாமா இப்பிடிச் செய்யமாட்டாவ. கழத்தித் தோலை மாத்துவாவ."

"ஓகோ. உங்க மாமாவுக்கு வெள்ளக்காரன் சொல்லிக் குடுத்தான். உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"எனக்குக் கண்ணு இருக்குல்லா."

"கழத்தினா பெறகு பூட்ட முடியாதுட்டி. எங்க அப்பாக்க கொழாய். ஒருத்தரும் தொடாண்டாம். அடச்சா அடைக்கட்டும், எனக்குக் கால்வாய்த் தண்ணி போரும்."

கால்வாயிலிருந்து சுமக்கப் போவது அவர் அல்ல. அன்று சாயங்காலமே அம்மை பரணிலிருந்து தாத்தாவின் இடது பூட்ஸை இறக்கினாள். அதற்குள் ஒரு எலிக் குடும்பம் இருந்தது. நாக்கு மாதிரி மெல்லிய தோல் ஒன்று கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் இருக்கும் அல்லவா, அதை எலி முழுசாகத் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது அடித்தோல்தான். பனங்கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. அம்மை அதில் ஒரு துண்டை அறுத்து நல்லெண்ணெயில் ஊறப் போட்டாள். நாள் பார்த்துக் காத்திருந்தாள்.

எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது குழாயைக் கழற்ற முடியாது, கொட்டிவிடும். நிறுத்தி வைக்க வேறு திருகு கிடையாது. தொட்டியோ அவர்களுடையது. ஆனால் தேருக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வெள்ளையடித்து, கிணற்றடி தேய்த்து, தொட்டி கழுவுவார்கள். பெரியம்மை அதை வேலைக்காரர்களிடம் விடமாட்டாள். தானே இறங்கித் தேய்ப்பாள்.

அந்த நாளும் வந்தது. அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மை குழாயைத் திறந்து விட்டிருந்தாள். தண்ணீர் மெலிந்து, விட்டு விட்டு வந்து, கடைசியில் குழாய் இருமியது. கிழவர்கள் விடிகாலையில் இருமுவார்களே, அந்த மாதிரி. பிறகு காற்று மட்டும் வந்தது.

"ஏலே மக்கா, வெளக்கைப் பிடி. கிட்டப் பிடி. கண்ணுல புகை பட்டா அந்தப் பக்கம் திரும்பிக்கோ, வெளக்கைத் திருப்பாத."

எங்கள் வீட்டில் குறடு கிடையாது. அம்மை தாத்தாவின் பெரிய பாக்குவெட்டியை எடுத்து வந்திருந்தாள். பித்தளையில் தழும்பு விழாமல் இருக்கக் குழாயின் கழுத்தில் துணியைச் சுற்றினாள். பாக்குவெட்டியின் இரண்டு கைக்கும் நடுவில் கழுத்தைக் கவ்விப் பிடித்துத் திருகினாள். அப்பா இறுக்கிய இறுக்கில் அது அசையவில்லை. வெந்நீர் ஊற்றினாள். மறுபடி திருகினாள். வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, முழங்கால் ஊன்றி, மூச்சைப் பிடித்துத் திருகினாள். கழுத்து கழறவில்லை. குழாயே மொத்தமாகச் சுற்றிக்கொண்டு சுவரிலிருந்து அவள் கையோடு வந்துவிட்டது.

நான் பயந்துபோனேன். அப்பா சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது அம்மையின் கன்னத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது. ஒரு சக்கரக் காசு அளவுதான். குழல் வழியாகத் தொட்டிக்குள்ளிருந்து வந்த பகல் வெளிச்சம். அந்த இருட்டு அறைக்குள் வெயில் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மை குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் காசு மறைந்தது. நான் எட்டிப் பார்த்தேன். குழலின் அந்த நுனியில் ஒரு கண் இருந்தது.

"ஆரு?" பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். அம்மை குழலுக்கு நேராகக் குனிந்தாள்.

"ஏட்டி, நீயா? வயிறு எறங்கிட்டா?"

அம்மை சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வாயைக் குழலில் வைத்து மெல்லச் சொன்னாள். "அக்கா, பேசப்பிடாது. கற்பூரம் அணச்சிருக்கு."

"முகம் பாத்துப் பேசப்பிடாதுன்னுல்லா அணச்சாவ. உன் முகமா இங்க தெரியுது? மூக்குத்திதான் தெரியுது. நான் மூக்குத்திகிட்டப் பேசுகேன். உனக்கு என்ன?"

அம்மை சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் தொட்டிக்குள் மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"சரி, அழாத. மாசக்காரி அழப்பிடாது. என்னத்துக்குக் கொழாயைக் கழத்தினே?"

அம்மை விஷயத்தைச் சொன்னாள். தேர் கழிந்து கொத்தன் வருவதற்குள் ஒழுக்கை நிறுத்தாவிட்டால் இந்த ஓட்டையும் அடைந்துவிடும் என்று சொன்னாள். பேசிக்கொண்டே கழுத்தை வெந்நீரில் முக்கி, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழாயை வைத்து அழுத்திக்கொண்டு திருகினாள். இந்தத் தடவை கழன்றது. உள்ளே திருகுத் தண்டின் அடியில் ஒரு சின்னப் பித்தளைத் தட்டு, அதில் ஒரு தோல் வட்டம். இப்போது வாசர் என்கிறார்கள். கடித்துப் போட்ட பப்படம் மாதிரி ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. அதை எடுத்துவிட்டு ஊறப் போட்ட அடித்தோலை வட்டமாக வெட்டி வைத்துப் பார்த்தாள். தடிமன் அதிகம். கைப்பிடி பாதியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, உங்களுக்குக் கெடச்ச பூட்ஸுக்கு நாக்கு இருக்கா?"

"எந்த நாக்கு?"

"கயிறு கட்டுக எடத்துக்கு அடியில கெடக்குமே, மெல்லிசாத் தோலு. எங்க கால்ல எலி தின்னிட்டு."

"எங்க கால்ல இருக்கு. உங்க அத்தான் அதைப் பட்டுத் துணியில பொதிஞ்சு பெட்டியில வச்சிருக்காரு. கும்பிடாத குறைதான்."

"அய்யோ, அப்ப வேண்டாம்."

"சும்ம கெட. நாக்கு இருந்து பூட்ஸ் பேசவா போவுது. அந்த மனுசன் அதுக்க வாயைத் தெறந்தா பாக்கப் போறாரு?"

தொட்டியிலிருந்து அவள் ஏறுகிற சத்தம் கேட்டது. பாரியான உடம்பு, மூச்சு வாங்கியது. கொஞ்சம் கழித்துத் திரும்ப இறங்கினாள். தோலை வெற்றிலை மாதிரிச் சுருட்டிக் குழலில் வைத்து, விளக்குமாற்று ஈர்க்கில்களைச் சேர்த்துப் பிடித்துத் தள்ளினாள். சுவருக்குள் ஓணான் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. தாத்தாவின் வலது பூட்ஸின் நாக்கு என் கையில் வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தது.

"அது பயலுக்கு" என்றாள் பெரியம்மை. துருவும் சுண்ணாம்பும் கலந்து இனித்த அந்தக் கருப்பட்டியின் ருசி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அம்மை பழைய வட்டத்தை அளவாக வைத்து அரிவாள்மணையில் நாக்கை வெட்டினாள். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி நடுவில் துளை போட்டாள். எண்ணெய் தடவித் தட்டில் பொருத்தினாள். குழாய் சுவரில் ஏறுகிற திருகுப் புரியில் விளக்கெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றினாள். பூட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பேசினார்கள். எதைப் பற்றி என்று கேட்டால் ஒன்றுமில்லை. மாவடு போட்டாச்சா, கறுத்தப் பூனை குட்டி போட்டதா, கால் வீக்கம் எப்படி. குனிந்து குனிந்து அம்மை இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் பேசினாள்.

குழாயைப் பூட்டின பிறகு துலா கிரீச்சிட்டது. தொட்டி நிறைகிற சத்தம் சுவருக்குள் கேட்டது. அம்மையும் நானும் விளக்கை வைத்துக்கொண்டு குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு உருண்டு வந்தது. விளிம்பில் தொங்கியது. பருத்தது. விளக்கு அதற்குள் தலைகீழாகத் தெரிந்தது. அம்மை என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. சொட்டு விழவில்லை. அங்கேயே நின்றது. அம்மை சுண்டுவிரலால் அதைத் துடைத்து எடுத்தாள். அடுத்தது வரவில்லை.

தேர் கழிந்தது. கொத்தன் சட்டியும் கரண்டியுமாக வந்து நின்றான். பெரியப்பா தொட்டியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. முந்தின நாளும் அப்படித்தான். ஓட்டையை அடைக்க அவருக்கு முகாந்திரம் இல்லாமல் போயிற்று. கிணற்றிடம் சொன்னார். "கொத்தன்னு சொன்னதும் களவு நின்னுட்டு பாத்தியா." வந்த கொத்தனைச் சும்மா அனுப்பக் கூடாது என்று வாசல் மதிலை இன்னும் ஒரு வரிசை உயர்த்திக் கட்டச் சொன்னார்.

இந்தப் பக்கம் அப்பா பசுவிடம் சொன்னார். "கொத்தனைக் கொண்டு வந்தவன் பயந்து போயி மதிலைக் கெட்டிட்டுப் போறான் பாரு." தான் நாரைச் சுற்றியதால்தான் குழாய் ஒழுகாமல் நின்றுவிட்டது என்றே அவர் கடைசி வரை நம்பினார்.

ஒழுக்கு நின்ற பிறகும் அம்மை குழாயைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் தொட்டி காலியாகும், இந்தப் பக்கம் குழாய் இருமும், அம்மை பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். கேட்டால், தோல் கொஞ்சம் விலகியிருக்கிறது என்பாள். நூல் தளர்ந்திருக்கிறது என்பாள். தொடாண்டாம் என்ற அப்பா, ஒழுகாத வரைக்கும் தடுக்கவில்லை; வீட்டுக்கு வருகிறவர்களிடம் அலுத்துக்கொள்வார். "இவளுக்கு ஒரு வேலையும் உருப்படியாச் செய்ய வராது. எத்தனை தடவைதான் ஒரு கொழாயைப் பூட்டுவா." நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பக்கம் பெரியப்பா ஊரெல்லாம் பெருமை சொன்னாராம், என் பெண்டாட்டி மாதிரி தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறவள் நாஞ்சில் நாட்டில் கிடையாது என்று.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு. அப்பா களத்திலேயே கிடந்தார். ஒரு முற்பகலில் தம்பி பிறந்தான். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போனாள். பெரியம்மை வரவில்லை, வர முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடந்துகொண்டேயிருக்கிற சத்தம் கேட்டதாக அம்மை பிறகு சொல்வாள்.

பேற்றுக்குப் பிறகு அம்மை முதன்முதலாக, இலைகள் போட்டுக் காய்ச்சிய வேது வெந்நீரில் குளித்த நாள். குளித்து முடித்து, குழாயை உருளிக்குத் திறந்து விட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். குழாய் இருமியது. தொட்டி கழுவுகிற நாளே இல்லை.

அம்மை என்னைப் பார்த்தாள். நான் பாக்குவெட்டியை எடுக்க ஓடினேன்.

குழாயைக் கழற்றியதும் அந்தக் காசு வெளிச்சம் வந்தது, உடனே மறைந்தது. "கொண்டா பாக்கட்டு" என்றது குரல். அம்மை பிள்ளையைத் தூக்கிக் குழலுக்கு நேராகப் பிடித்தாள். அந்தச் சின்ன ஓட்டையில் என்ன தெரியும். ஒரு நேரம் காது தெரிந்ததாம். ஒரு நேரம் மூக்கு.

"ஒண்ணும் முழுசாத் தெரியல்ல. ஒரு தடவை அழச் சொல்லுட்டி. சத்தமாது கேக்கட்டு."

தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கிள்ள அம்மைக்கு மனசு வரவில்லை. பாதத்தைச் சுண்டிப் பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டான். இன்னும் கிட்டே கொண்டு போனபோது குளிர்ந்த இரும்பு விளிம்பு அவன் கன்னத்தில் பட்டது. அவ்வளவுதான். வீரிட்டான்.

அந்த அழுகை குழலுக்குள் போய்க் காலித் தொட்டியில் விழுந்து நாலு மடங்காகி, மறுபடியும் குழல் வழியே எங்களிடமே திரும்பி வந்தது. ஒரு பிள்ளை அழுத மாதிரி இல்லை. ஒரு வீடு நிறையப் பிள்ளைகள் அழுத மாதிரி இருந்தது. பெரியம்மை சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

அப்போது அந்தப் பக்கம், தொட்டிக்கு மேலே, ஒரு ஆண் குரல் கேட்டது. பெரியப்பா. எப்போது வந்து நின்றார் என்று தெரியாது.

"என்ன சத்தம் அது?"

அம்மை பிள்ளையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

பெரியம்மை தொட்டிக்குள்ளிருந்து பதில் சொன்னாள். "தொட்டி காலியா கெடந்தா அப்பிடித்தான் சத்தம் கேக்கும்."

துலாக்காரன் கயிற்றை அவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெரியப்பா அவனிடம் சொன்னார்.

"இப்பம் நிறைக்காண்டாம்டே. பைய நிறைச்சாப் போரும்."

தொட்டியின் விளிம்பில் யாரோ பாரமாக உட்காருகிற சத்தம் வந்தது. அம்மை பிள்ளையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் அழுது முடிக்கும் வரைக்கும் அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பாவும் அப்பாவும் அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை. கற்பூரம் கற்பூரம்தான். ஆனால் அந்தக் குழலை அடைக்கும் பேச்சு பிறகு எழவில்லை. அடுத்த நாள் முதல் பெரியப்பா காவிக் கோட்டுக்கு மேலேயே நிறைக்கச் சொல்லிவிட்டார் என்று பெரியம்மை மூக்குத்தியிடம் சொன்னாள்.

எல்லாரும் போய்விட்டார்கள். வீடு கை மாறி இடித்தாயிற்று. அந்த நாலு இதழ்க் குழாயை எந்தப் பாத்திரக்காரன் எடைக்கு வாங்கிக்கொண்டு போனானோ. பாக்குவெட்டி எனக்கு வந்தது. அதையும் யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை.

தம்பி மணவாளக்குறிச்சிப் பக்கம் வீடு கட்டி இருக்கிறான். அவனும் கிழவன் ஆயாச்சு. போன தடவை போனபோது அவன் வீட்டுக் குளிமுறியில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன், வரமாட்டேன் என்கிறான் என்று எரிச்சல்பட்டான். இந்தக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவனுக்குக் காது மந்தம். என் குரலும் இப்போது எழும்பவில்லை. என்ன, என்ன என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறேன் என நினைத்துக்கொண்டு, ஆச்சு ஆச்சு என்று தலையாட்டினான்.

உங்களில் கால் நல்லா இருக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், அவனைக் கண்டு காதோடு வாயை வைத்துச் சத்தமாகச் சொல்லுங்கள். நீ பிறந்த பிறகு உன்னைத் தூக்காத ஒரு பெரியப்பன் உன் அழுகையைக் கேட்கத் தொட்டியை நிறைக்காமல் வைத்திருந்தான் என்று சொல்லுங்கள்.